போலோ ஆர்டருக்கு ஆள் பழக்க வேண்டும்: பயிற்சி அட்டவணையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவிநாசி_ரோடு

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். இதுவரை ரவுண்ட் நெக் டீ ஷர்ட் மட்டுமே ஓடிய இரண்டு லைன்களில் இப்போது போலோ (காலர் வைத்த டீ ஷர்ட்) ஓட வேண்டும். ஏழு வாரத்தில் கட்டிங் ஆரம்பம். வாரத்துக்கு ஆறு வேலை நாள். இரண்டு லைனிலும் சேர்த்து சுமார் 70 பேர். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் பிள்ளைகள்.

"ட்ரெயினிங் கேலண்டர் போட்டுக் கொண்டு வாங்க" என்றார் முதலாளி. எக்செல்லில் போட்டேன். திங்கள் தர விழிப்புணர்வு, செவ்வாய் ஐந்து எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைப்பது), புதன் மிஷின் பராமரிப்பு, இப்படி 70 பேருக்கும் பேட்ச் பேட்சாக. புரொடக்ஷன் மேனேஜர் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதில் பட்டி எங்கே இருக்கு?" என்று கேட்டார். போலோவில் கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கும் திறப்புதான் பட்டி. அதோடு கூட்டம் முடிந்தது.

மனிதவளம் படித்தவள் நான், தையல் படித்தவள் இல்லை. பயிற்சித் தேவையைக் கண்டுபிடிக்கக் கேள்வித்தாள் கொடுப்போம், மேற்பார்வையாளரிடம் கருத்துக் கேட்போம், அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது? லைனில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஸ்டாப்வாட்ச்

உங்கள் மேனேஜர் கேட்டதுதான் சரியான கேள்வி. கேலண்டரைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். சாம்பிள் ரூமுக்குப் போய் ஒரு போலோவை எடுத்துக்கொண்டு, கட்டிங் மேஜையிலிருந்து பேக்கிங் வரை அது எந்தெந்தக் கையில் போகிறது என்று வரிசையாக எழுதுங்கள். தைப்பது, அடுத்த இடத்துக்குப் போவது, செக் பண்ணுவது, காத்துக் கிடப்பது, ஸ்டோரில் இருப்பது என ஐந்துக்கும் ஒவ்வொரு குறி. ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921இல் அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர் சங்கத்தில் வைத்த முறையிலிருந்து வந்த வழக்கம் இது. நூறு வருஷம் ஆகியும் இதைவிட எளிதாக எதுவும் வரவில்லை என்பது என் கட்சி.

எழுதி முடித்ததும் ரவுண்ட் நெக் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷோல்டர், கை ஏற்றுவது, சைடு, பாட்டம் மடிப்பு எல்லாம் உங்கள் ஆட்கள் ஏற்கெனவே தூக்கத்தில் தைப்பவை. புதிதாக வருவது பட்டி வைப்பது, பட்டிக்குக் கீழே பாக்ஸ் (சதுரத் தையல்) அடிப்பது, காலர் ஏற்றுவது, சைடு வென்ட் (ஓரப் பிளவு), அப்புறம் காஜா பட்டன். காஜா பட்டனை வெளியே கொடுத்துவிடலாம். மிச்சம் நான்கு. இந்த நான்கும் பெரும்பாலும் சிங்கர் (ஒற்றை ஊசி நேர்த்தையல்) மிஷின் வேலை என்பதையும் கவனியுங்கள். ரவுண்ட் நெக் லைனில் சிங்கர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மற்றதெல்லாம் ஓவர்லாக் (ஓரம் சேர்த்துத் தைப்பது), பேட்லாக் (மடிப்புத் தைப்பது). புது ஆபரேஷன் மட்டும் அல்ல, பலருக்கு மிஷினே புதிது.

இனி கணக்கு. ஒரு லைனுக்கு நாளைக்கு 480 பீஸ் வேண்டும், ஷிப்ட் 480 நிமிஷம் என்று வைப்போம். நிமிஷத்துக்கு ஒரு பீஸ் வெளியே வர வேண்டும். பட்டி வைக்க ஸ்டாண்டர்டு நேரம் 0.9 நிமிஷம், ஆள் 60 சதவீத எஃபிஷியன்சியில் ஓடுகிறார் என்றால் உண்மையில் 1.5 நிமிஷம். அப்போது பட்டிக்கு இரண்டு பேர். பாக்ஸுக்கு 1.1 என்று வைத்தால் 1.83, அங்கேயும் இரண்டு. வென்டுக்கு 1.2 என்றால் சரியாக இரண்டு. காலருக்கு 0.7 என்றால் 1.17, அதாவது லைனுக்கு ஒருவரும், அவசரத்துக்குக் கைகொடுக்க இரண்டு லைனுக்கும் பொதுவாக இன்னொருவரும். இரண்டு லைனுக்கும் சேர்த்து 15 பேர். லீவு, ஆள் நிற்பது இதற்கெல்லாம் மூன்று பேர் கூடுதலாக வைத்தால் 18. நான் போட்டது உதாரண எண்கள். உங்கள் சாம்பிளில் வாட்ச் வைத்து எடுத்த எண்ணைப் போடுங்கள்.

70 பேருக்கு வகுப்பு வேண்டாம். 18 பேரை மிஷினில் பழக்க வேண்டும்.

பேட்லாக்

ஸ்டாப்வாட்ச் அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரிங்க. அந்த 18 பேர் வருவார்களா என்று யாரும் கேட்கவில்லையே?

நான் பீஸ் ரேட்டில் பல வருஷம் பேட்லாக் ஓட்டியவன், இப்போது லைன் சூப்பர்வைசர். கை வேகம் உள்ள ஓவர்லாக் டெய்லரைக் கூப்பிட்டு "நாளையிலிருந்து பட்டி பழகு" என்றால் அவர் மனதில் உடனே ஓடுவது சனிக்கிழமைச் சம்பளம். பழகுகிற நாளில் பீஸ் ஓடாது. பீஸ் ஓடவில்லை என்றால் கூலி இல்லை. பக்கத்துத் தெருவில் "டெய்லர் தேவை" என்று போர்டு தொங்குகிற ஊர் இது. வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், திங்கட்கிழமை வர மாட்டார், அவ்வளவுதான்.

அதனால் மேடம், பயிற்சி நேரத்துக்கு அவருடைய போன மாதச் சராசரிக் கூலியை மணிக் கணக்கில் கொடுப்போம் என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஷிப்ட் முடிந்து சாயங்காலம் உட்கார வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது ஓவர்டைம், சட்டப்படி இரட்டிப்புக் கூலி. களைத்த கையில் புது வேலை ஏறவும் ஏறாது.

இன்னொன்று. உங்கள் கம்பெனியிலேயே நன்றாகப் பட்டி தைக்கிற சாம்பிள் டெய்லர் ஒருவர் இருப்பார். அவரைத்தான் வாத்தியாராக்குவார்கள். தைக்கத் தெரிந்தவருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. "இப்படித்தான்" என்று ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவார், பார்க்கிறவனுக்கு ஒன்றும் பிடிபடாது.

ஓசூர்_ஷாப்ஃப்ளோர்

பேட்லாக் கடைசியாகச் சொன்ன பிரச்சினை பழைய பிரச்சினை, அதற்கு மருந்தும் பழையது. நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறேன். துணியைப் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் இந்த முறை எந்தக் கைவேலைக்கும் பொருந்தும்.

முதல் உலகப் போரில் அமெரிக்காவில் கப்பல் கட்ட ஆட்களை அவசரமாகப் பழக்க வேண்டி வந்தபோது சார்லஸ் ஆலன் என்பவர் நான்கு படி முறை ஒன்றை வகுத்தார். 1940இல் அதை எடுத்து ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி, சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ., என்ற அரசுத் திட்டம் ஆக்கினார்கள். மேற்பார்வையாளர்களைப் பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வில் சொல்லிக் கொடுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் ஊன்றிவிட்டது.

அவர்கள் சூப்பர்வைசர் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது என்று அதில் முதலில் இருப்பதே கால அட்டவணைதான். மேலே ஆள் பெயர், பக்கவாட்டில் ஆபரேஷன், கட்டத்துக்குள் தேதி. யாருக்கு, எந்த வேலை, எந்தத் தேதிக்குள் கை வர வேண்டும் என்பது மட்டும். உங்கள் கேலண்டரில் ஆளும் வேலையும் விடுபட்டுத் தேதி மட்டும் நின்றுவிட்டது.

அட்டையில் இரண்டாவது, வேலையைப் பிரித்து எழுதுவது. பக்கத்து வீட்டில் ஒரு டெய்லர் அக்காவிடம் கேட்டு, பட்டிக்கு எழுதிப் பார்த்தேன், தப்பிருந்தால் திருத்துங்கள். முன்பாகத்தில் மார்க் வைத்த இடத்தில் பட்டித் துண்டை வைத்து இரண்டு நேர்கோடாகத் தைக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது துணியை இழுக்கக் கூடாது என்பது, ஏனென்றால் பின்னல் துணி நீண்டு தைத்துவிட்டு அப்புறம் சுருங்கும், பட்டி அலையடிக்கும். அடுத்து இரண்டு கோட்டுக்கும் நடுவே வெட்டி, அடியில் ஒய் மாதிரிப் பிரிக்க வேண்டும். வெட்டு தையல் மூலைக்கு ஒரு நூல் முன்னால் நிற்க வேண்டும். தாண்டினால் ஓட்டை, அந்த முன்பாகமே போய்விட்டது. முன்னாலேயே நின்றுவிட்டால் திருப்பிப் போடும்போது மூலையில் சுருக்கம் விழும். அதற்குப் பின் திருப்பி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, பாக்ஸ் அடிப்பது.

ஒவ்வொரு படிக்கும் என்ன செய்வது, எதைக் கவனிப்பது, ஏன் என்று மூன்று பத்தி. ஒரு தாளில் முடிந்துவிடும். சாம்பிள் டெய்லரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதுங்கள். அவர் கை தானாகச் செய்வதை நீங்கள் கேட்டுக் கேட்டு வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் அந்த நான்கு படி: ஆளைத் தயார் செய்வது, வேலையைக் காட்டுவது, அவரைச் செய்ய விட்டுப் பார்ப்பது, விட்டுவிட்டுப் பின்தொடர்வது. மூன்றாவதில் அவர் செய்துகொண்டே முக்கியமான புள்ளிகளைத் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒடியாவில் சொன்னாலும் பரவாயில்லை, புரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

டி.டபிள்யூ.ஐ. ஆட்கள் ஒரு வாசகம் வைத்திருந்தார்கள்: தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்றுத்தரவில்லை.

அவிநாசி_ரோடு

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக சாம்பிள் ரூமில்தான் இருந்தேன். எங்கள் எண்களை எடுத்துப் போட்டாலும் 18 பேர்தான் வருகிறது. ஒய் வெட்டில் "ஒரு நூல்" என்பதை எங்கள் சாம்பிள் டெய்லர் ஒப்புக்கொண்டார், ஆனால் இதுவரை யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லையாம். கேட்டதற்கு, "பார்த்தா தெரியாதா?" என்கிறார். பேட்லாக் சார் சொன்னது அப்படியே.

இனி அடுத்த சந்தேகம். ஒருவருக்குப் பட்டி கை வர எத்தனை நாள் ஆகும்? புரொடக்ஷனில் மூன்று நாள் என்கிறார்கள், சாம்பிள் டெய்லர் ஒரு மாதம் என்கிறார்.

ஸ்டாப்வாட்ச்

நாளில் கேட்டால் இப்படித்தான் ஆளுக்கொரு பதில் வரும். பீஸில் கேளுங்கள்.

1936இல் டி.பி. ரைட் என்ற விமான எஞ்சினியர் ஒரு கணக்கை வெளியிட்டார். மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரம் ஒரே வீதத்தில் குறைகிறது, விமானத்தில் அது முந்தையதில் 80 சதவீதம் ஆகிறது என்றார். அவர் சொன்னது சராசரி நேரத்துக்கு, நாம் ஒற்றைப் பீஸ் நேரத்துக்கும் அதையே வைத்துப் பார்க்கிறோம். தையலில் வீதம் கொஞ்சம் மாறலாம், போக்கு இதுதான்.

50ஆவது பட்டிக்கு மூன்று நிமிஷம் எடுக்கிறார் என்றால் 100ஆவதுக்கு 2.4, 200ஆவதுக்கு 1.92, 400ஆவதுக்கு 1.54. நமக்கு வேண்டிய 1.5 கிட்டத்தட்ட வந்துவிட்டது. முதல் பீஸிலிருந்து 400 வரை கூட்டினால் ஏறக்குறைய 900 நிமிஷம், அதாவது 15 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் எட்டு வேலை நாள். புரொடக்ஷனில் சொல்கிற மூன்று நாளில் பழகுகிறவர் 150 பீஸ்கூடத் தொட்டிருக்க மாட்டார். சாம்பிள் டெய்லரின் ஒரு மாதம், அவரளவுக்குக் கை வருவதற்கு. லைனுக்கு அது தேவையில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் 50, 100, 200 ஆவது பீஸில் வாட்ச் வைத்து எழுதி வாருங்கள். 100ஆவதில் நேரம் இறங்கவே இல்லை என்றால் அந்த ஆளை வேறு ஆபரேஷனுக்கு மாற்றிவிடலாம், எட்டு நாள் வீணாகாது. தரத்தையும் அதே தாளில் எழுதுங்கள், வேகம் வந்து மூலையில் ஓட்டை விழுந்தால் அது வேகம் அல்ல.

பழகுவதற்கு முழுச் சட்டை வேண்டாம், கட்டிங்கில் மிஞ்சும் துண்டு போதும். ஆனால் சிங்கிள் ஜெர்சித் துண்டில் பழக்காதீர்கள். அதன் ஓரம் சுருண்டுகொள்ளும், கை தப்பாகப் பழகிவிடும். ஷேட் மாறி ஒதுக்கிய பிக்கே (போலோவுக்கான மேடுபள்ளப் பின்னல்) துணி ஸ்டோரில் ஏதாவது கிடக்கும், தேடுங்கள்.

கரூர்_கணக்கு

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ஆர்டருக்காக இவ்வளவா? பவர் டேபிள் (தையல் வேலையை எடுத்துச் செய்யும்) கான்ட்ராக்டரிடம் சொன்னால் பட்டி, காலர் தெரிந்த டெய்லர்களை அடுத்த வாரமே இறக்குவார். ரேட் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பயிற்சி என்று 18 பேரை லைனிலிருந்து எடுத்தால் இப்போது ஓடுகிற ரவுண்ட் நெக் ஆர்டருக்கு யார் பதில் சொல்வது? அந்த இழப்பை யாரும் எழுதவே இல்லை.

பேட்லாக்

கான்ட்ராக்டில் வருகிறவர் சீசனில் ரேட் கூட்டிக் கேட்பார், இன்னொரு கம்பெனி இரண்டு ரூபாய் அதிகம் சொன்னால் டீமோடு போய்விடுவார். அதுகூடப் பரவாயில்லை. "அவரே நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்" என்று முதலாளிகள் நினைப்பார்கள் பாருங்கள், அது நடக்காதுங்க. பட்டி தெரிந்தவர் குறைவாக இருக்கும்வரைதான் அவருக்கு அந்த ரேட். அதை அவர் எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? அவரைத் தப்புச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஸ்டாப்வாட்ச்

கரூர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே ஒரு ஆர்டர், மறுபடி போலோ வராது என்றால் நானும் கான்ட்ராக்ட் என்றே சொல்வேன். இரண்டு லைனையும் மாற்றுகிறார்கள் என்றால் தொடர்ந்து வரப்போகிறது என்று அர்த்தம்.

இழப்புக் கணக்கு இதோ. ஒரு பயிற்றுநர், நான்கு பேர் பேட்ச், தினம் இரண்டு பேட்ச், ஆளுக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் 16 மணி, அதாவது தினம் இரண்டு டெய்லரின் முழு நாள் வேலை. 70 பேரில் இரண்டு பேர் லீவு போட்டால் உங்கள் லைன் நிற்கிறதா? ஒரே ஆபரேஷனில் இருந்து இரண்டு பேரை ஒரே நேரத்தில் எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கிரிட்டிக்கல்_பாத்

சென்னையில் கட்டுமானத் திட்டமிடலில் இருக்கிறேன், துறை வேறு. ஆனால் இந்த இழையில் இதுவரை யாரும் தேதி போடவில்லை என்பதால் உள்ளே வருகிறேன்.

பயிற்சி என்பதைத் தனியாக ஒரு கேலண்டரில் வைத்தால் அது காற்றில் நிற்கும். ஆர்டரின் வேலைகளில் அதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் எது முடிந்திருக்க வேண்டும், அது முடிந்தால்தான் எது ஆரம்பிக்கும் என்று பாருங்கள். பட்டி ஃபோல்டர் (துணியை மடித்துக் கொடுக்கும் மிஷின் உறுப்பு) வரவில்லை, சிங்கர் மிஷின் வரவில்லை, பழகத் துணி இல்லை, ஆனால் வகுப்புக்குத் தேதி குறித்தாயிற்று என்றால், மண்டபம் பிடிக்காமல் பத்திரிகை அடித்த கதை. இந்தத் தொடர்ச்சியை வைத்துத் தேதி போடும் முறையை 1957இல் டூபான்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து ரசாயனத் தொழிற்சாலை வேலைகளுக்காகச் செய்தார்கள், அதுதான் சி.பி.எம். அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகச் செய்தது பெர்ட். கான்ட் சார்ட் இரண்டுக்கும் முந்தியது. எக்செல்லில் பட்டை பட்டையாக வரைவோமே, அது. பட்டை வரைவது கடைசி வேலை, முதல் வேலை இல்லை.

பெர்ட்டில் ஒன்று உங்களுக்கு உதவும். எத்தனை நாள் என்று உறுதி இல்லாத வேலைக்கு மூன்று எண் கேட்பார்கள். எல்லாம் நன்றாகப் போனால் 6 நாள், வழக்கமாக 8, இழுத்தடித்தால் 16 என்று வையுங்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 6, 32, 16 கூட்டினால் 54, வகுத்தால் 9. ஒரு பேட்சுக்கு 9 வேலை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பின்னாலிருந்து முன்னால் வருவோம். ஏழு வாரம், 42 வேலை நாள். கட்டிங்குக்கு முந்தைய 6 நாள் பைலட் (சோதனை) ஓட்டத்துக்கு. ஆரம்பத்தில் ஆய்வு, வேலைப் பிரிப்புத் தாள், பயிற்றுநரைத் தயார் செய்வது, மிஷின் கொண்டுவருவது எல்லாம் 9 நாள். 18 பேர், நான்கு பேர் வீதம் ஐந்து பேட்ச். ஒரு பயிற்றுநர், தினம் இரண்டு பேட்ச் என்றால் மூன்று சுற்று, 27 நாள். 9, 27, 6 கூட்டினால் சரியாக 42. பார்க்க அழகு, ஆனால் ஒரு நாள் மின்சாரம் போனால்கூடக் கட்டிங் தள்ளும். மூச்சுவிட இடமே இல்லை.

இரண்டாவது பயிற்றுநர் கிடைத்தால் தினம் நான்கு பேட்ச், இரண்டு சுற்றில் முடியும், 18 நாள். 9 நாள் மிச்சம் கையில். ஆனால் ஸ்டாப்வாட்ச் சொன்ன இழப்பு தினம் இரண்டு டெய்லரிலிருந்து நான்காகிவிடும். முதலாளி முன்னால் வைக்க வேண்டியது இந்தத் தேர்வைத்தான். 9 நாள் பாதுகாப்பு வேண்டுமா, தினம் இரண்டு டெய்லர் வேண்டுமா?

ஒரு கேள்வி. உங்கள் ஏழு வாரத்துக்குள் பண்டிகை ஏதாவது வருகிறதா?

அவிநாசி_ரோடு

வருகிறது. ஐந்தாவது வாரம் தீபாவளி. 42 என்று எண்ணும்போது அதைக் கழிக்கவே இல்லை.

பேட்லாக்

அப்படியென்றால் உங்கள் 9 நாள் போச்சு. நம்ம ஊர் ஆட்கள் மூன்று நான்கு நாளில் வந்துவிடுவார்கள். பீகார் பிள்ளைகளுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை, அதை விட்டுவிட்டு ரயில் ஏற மாட்டார்கள். டிக்கெட் கிடைத்து வந்து சேர இரண்டு வாரம் ஆகும். போனஸ் வாங்கியபின் வேறு கம்பெனி மாறுகிறவர்களும் உண்டு, அதற்குத்தான் அந்த மூன்று பேர் கூடுதல். மூன்று போதாது என்பது என் கருத்து.

யாரை முதல் சுற்றில் எடுப்பது என்பதில் யோசியுங்கள். தீபாவளி முடிந்ததும் நிச்சயம் வருகிற உள்ளூர் ஆட்களைப் பாக்ஸிலும் காலரிலும் போடுங்கள்.

ஓசூர்_ஷாப்ஃப்ளோர்

இதில் ஒரு சிக்கல். முதல் வாரத்தில் பழகியவர் அப்புறம் நான்கு வாரம் அந்த மிஷினைத் தொடவே இல்லை என்றால் பைலட் அன்று கை மறந்திருக்கும். எங்களிடம் கை வந்த தேதியோடு கடைசியாகச் செய்த தேதியையும் ஸ்கில் மேட்ரிக்ஸில் (யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற அட்டவணையில்) எழுதுவோம். கடினமான பாக்ஸைக் கடைசிச் சுற்றில், பைலட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்பேன்.

ஸ்டாப்வாட்ச்

ஒப்புக்கொள்ள மாட்டேன். 400 பீஸ் யாருக்கு இழுத்தடிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. பாக்ஸைக் கடைசியில் வைத்து, இரண்டு பேர் 100ஆவது பீஸில் தேறவில்லை என்றால் ஆள் மாற்ற நாள் எங்கே? கடினமானது முதலில். மறக்காமல் இருக்க, பழகி முடித்தவர்களுக்குத் தினம் அரை மணி நேரம் துண்டில் தைக்கக் கொடுங்கள். அதற்கான கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்_ஷாப்ஃப்ளோர்

அரை மணி நேரத்தை முதலாளி உண்மையாகவே கொடுத்தால் எனக்கும் சரி. பெரும்பாலும் ஷிப்மென்ட் நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டுவது அந்த அரை மணியைத்தான்.

டி_அண்ட்_ஏ

மெர்ச்சண்டைசர் (பையரின் ஆர்டரைக் கவனிப்பவர்) என்ற முறையில் சில திருத்தங்கள்.

கிரிட்டிக்கல்_பாத் சொல்கிற சங்கிலி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. டைம் அண்ட் ஆக்ஷன் கேலண்டர் என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் போடுவோம்: நூல் புக்கிங், நிட்டிங், டையிங், லேப் டிப் (சாயமாதிரி) அப்ரூவல், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), கட்டிங், ஷிப்மென்ட். அதில் பயிற்சி என்று ஒரு வரி நான் பார்த்த எந்த கம்பெனியிலும் இல்லை. மேடம், உங்கள் மெர்ச்சண்டைசரிடம் கேட்டு, அந்தத் தாளிலேயே மூன்று வரி சேருங்கள். ஃபோல்டரும் மிஷினும் ஒரு வரி, முதல் சுற்று முடிவது ஒரு வரி, இரண்டாவது சுற்று ஒரு வரி. வாரா வாரம் முதலாளி திறந்து பார்க்கிற ஒரே தாள் அதுதான். உங்கள் எக்செல் தனியாக இருந்தால் யாரும் திறக்க மாட்டார்கள்.

பி.பி. சாம்பிள் அப்ரூவல் வருமுன் பழக்கினால், பையர் பட்டி அகலத்தை மாற்றினால் என்ன செய்வது என்று பயப்படுவீர்கள். அகலம் மாறலாம், பாக்ஸில் தையல் கோடு ஒன்றா இரண்டா என்பது மாறலாம். துணியை இழுக்காமல் தைப்பதும் ஒய் வெட்டும் மாறாது. அதனால் முதல் சுற்றுக்கு அப்ரூவலுக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது சுற்று அப்ரூவலுக்குப் பிறகு வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், சரியான அளவு அதில் ஏறிவிடும்.

காலரும் கஃப்பும் ஃப்ளாட் நிட்டிங்கில் தனியாகப் பின்னி வர வேண்டியவை. பெரும்பாலான ஆர்டரில் கடைசியாக வந்து சேர்வது அதுதான். காலர் பழகப் பழைய ஆர்டரில் மிஞ்சிய காலர் தேடி வைக்காவிட்டால் அந்த பேட்ச் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அவிநாசி_ரோடு

நேற்று கூட்டம் முடிந்தது. என்ன முடிவு என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

இரண்டாவது பயிற்றுநரை முதலாளி ஒரேயடியாக ஒப்புக்கொள்ளவில்லை. தினம் நான்கு டெய்லர் இழப்பு என்றதும் முகம் மாறிவிட்டது. தீபாவளியைப் போட்டுக் காட்டியதும் மேனேஜர்தான் எனக்காகப் பேசினார். தீபாவளிவரை இரண்டு பயிற்றுநர், அதன்பின் ஒருவர் என்று முடிந்தது. இரண்டாவது பயிற்றுநர் லைனிலேயே இருக்கிற ஒரு அக்கா, முன்பு வேறு இடத்தில் போலோ தைத்தவர். சாம்பிள் டெய்லரைவிட நிதானமாகப் பேசுவார், ஹிந்தியும் தெரியும்.

சராசரிக் கூலி எழுத்தில் கிடைத்தது, ஆனால் 9 நாளுக்கு மட்டும். அதற்கு மேல் இழுத்தால் ஷிப்ட் கூலிதானாம். அரை மணி நேரப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளுக்குக் குறைத்துவிட்டார்கள். பாக்ஸ் முதல் சுற்றில். கூடுதல் ஆள் மூன்றிலிருந்து ஐந்து, ஆக 20 பேர். பேட்ச் எண்ணிக்கை அதே ஐந்துதான் என்று சொன்னதும் அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஐந்து எஸ் வகுப்பு கேலண்டரில் இல்லை. ஆடிட்டுக்கு வேண்டும் என்பதால் பைலட் முடிந்தபின் ஒரு நாள்.

கரூர்_கணக்கு

9 நாளுக்குச் சராசரிக் கூலி, ஆள் 20, மிஷின் வாடகை எல்லாம் சேர்த்து ஒரு தொகை வருமே. அதைக் கான்ட்ராக்ட் ரேட் வித்தியாசத்தோடு வைத்துப் பார்த்தீர்களா? எத்தனை பீஸில் பயிற்சிச் செலவு திரும்பி வருகிறது என்று தெரிந்தால் நானும் கட்சி மாறத் தயார்.

அவிநாசி_ரோடு

அக்கவுண்ட்ஸில் கேட்டிருக்கிறேன், பைலட் முடிந்து உண்மையான எண் வந்ததும் போடுகிறேன். இன்னொரு அவசரச் சந்தேகம். இன்று காலை பையரிடமிருந்து கமென்ட் வந்தது, பட்டி அகலம் மூன்று சென்டிமீட்டரிலிருந்து இரண்டரை. முதல் சுற்று நாளை ஆரம்பம். தள்ளி வைக்கட்டுமா?

டி_அண்ட்_ஏ

வேண்டாம். இரண்டரைக்கு ஃபோல்டரை இன்றே ஆர்டர் கொடுங்கள், வர நாளாகும். அதுவரை இருக்கிற மூன்று சென்டிமீட்டரிலேயே தைக்கட்டும்.

பேட்லாக்

ஊசியையும் பார்த்துக்கொள்ளுங்க. புதிதாக வாடகைக்கு வருகிற சிங்கர் மிஷினில் நெய்த துணி ஊசி போட்டு அனுப்பியிருப்பார்கள். பின்னல் துணிக்குப் பால் பாயிண்ட். இல்லாவிட்டால் பட்டி ஓரமெல்லாம் பொத்தல் விழும், பழகுகிற பிள்ளைகள் தங்கள் கைதான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.